மலை மேல் பையன்கள் பாடும் மாலை: முதல்முறை கேட்கப் போகிறவர்களுக்கு

சேலத்தில் இருக்கிற நமக்கு ஏற்காடு என்றால் படகு, பகோடா பாயிண்ட், ஏரிப் பக்கம் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. காலையில் ஏறுவோம், சாயங்காலம் இறங்கிவிடுவோம். நாம் இறங்குகிற நேரத்தில்தான், டிசம்பரை ஒட்டி, அங்கே இன்னொன்று ஆரம்பிக்கும். சர்ச்சிலோ பள்ளிக்கூடத்துச் சிற்றாலயத்திலோ இருபது முப்பது பையன்கள் ஸ்வெட்டரும் கறுப்பு ஷூவுமாக வரிசை கட்டி நின்று பாடுவார்கள். பல இடங்களில் மைக் இருக்காது. சில பாட்டுகளுக்கு வாத்தியமும் இருக்காது. வெறும் குரல்தான்.

நான் கிறிஸ்தவன் இல்லை. மேற்கத்திய சங்கீதம் படித்தவனும் இல்லை. கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருவர், மகன் பாடுகிறான் என்று கூப்பிட்டார், போனேன். அன்று ஏகப்பட்ட தப்பு செய்தேன். அடுத்தடுத்த வருடங்களில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டேன். என்னைப் போல முதல்முறை போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் அந்தக் கூச்சம் இல்லாமல் கேட்கலாம்.

கச்சேரியா, ஆராதனையா?

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இது. பாட்டு ஒன்றுதான், இடமும் ஒன்றுதான், ஆனால் நடந்துகொள்ளும் முறை வேறு. கச்சேரி என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டலாம். கேரல் சர்வீஸ், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு வழிபாடு என்றால் அது ஆராதனை. பாட்டுக்கு நடுவில் பைபிள் வாசிப்பார்கள், ஜெபம் உண்டு, கடைசியில் ஆசீர்வாதம் உண்டு, கைதட்டல் பெரும்பாலும் கிடையாது. வாசலில் தருகிற நிகழ்ச்சித் தாளைப் பாருங்கள். 'முதல் வாசகம், இரண்டாம் வாசகம்' என்று ஒன்பது வரை போனால் அது ஆராதனை. இந்த ஒன்பது வாசக முறைக்கு ஒரு கதை உண்டு. 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோ என்ற ஊரில் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயம் 1918-இல் இதை எடுத்துக்கொண்டது. பிறகு வானொலியில் வந்து உலகமெல்லாம் பரவியது. அங்கே முதல் பாட்டின் முதல் அடியை ஒரே ஒரு பையன் துணை வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடுவான். எந்தப் பையன் என்பதைப் பாட்டு மாஸ்டர் கடைசி நொடியில்தான் கைகாட்டிச் சொல்வாராம். முன்னாலேயே சொன்னால் பையன் பயத்தில் தூங்கமாட்டான் என்பதற்காக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பக்கத்திலும் பல இடங்களில் விளக்கை அணைத்துவிட்டு, கையில் மெழுகுவத்தியோடு பையன்கள் பின்வாசலிலிருந்து நடந்து வருவார்கள். அந்த நேரத்தில் போனை எடுத்து டார்ச் அடித்து இடம் தேடாதீர்கள்.

தாளில் 'திருப்பலி' என்று போட்டிருந்தால் அது கத்தோலிக்கப் பூசை. உட்கார்ந்து பார்க்கலாம், தடை இல்லை. எல்லோரும் எழுந்து வரிசையில் போய் நற்கருணை வாங்கும்போது மட்டும் நீங்கள் இடத்திலேயே இருந்துவிடுங்கள். கோயிலில் பிரசாதம் வாங்குவது போல் என்று நினைத்துக் கை நீட்டிவிடக் கூடாது. ஞானஸ்நானம் பெற்று முதல் நற்கருணை வாங்கியவர்களுக்கு மட்டும் உரியது அது.

எங்கே, எப்போது

மலையில் விடுதிப் பள்ளிகள் அதிகம். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் விடுதிப் பள்ளிகளில் பாட்டெல்லாம் பண்டிகைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். இருபத்து நாலாம் தேதி மலை ஏறினால் பள்ளிகள் காலியாக இருக்கும், ஊர்ச் சர்ச்சில் மட்டும் பாட்டு இருக்கும். பள்ளி வளாகத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சிக்கு வெளியாட்களை விடுவார்களா என்பதை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டில் வாட்ச்மேனோடு வாதாடிப் பயனில்லை. ஊருக்குள் இருக்கும் திரு இருதய ஆண்டவர் ஆலயம், ஹோலி டிரினிட்டி ஆலயம் போன்ற இடங்களில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலே போதும்.

மலை ஏற முடியாதவர்களுக்குச் சேலத்திலேயே வாய்ப்பு உண்டு. அரிசிபாளையம் குழந்தை இயேசு பேராலயம், அஸ்தம்பட்டி இம்மானுவேல் ஆலயம், கலெக்டர் அலுவலகத்துப் பக்கம் கிறிஸ்து நாதர் ஆலயம், கோட்டைப் பக்கம் லெக்லர் ஆலயம் என்று பழைய பெரிய ஆலயங்கள் இருக்கின்றன. டிசம்பர் முதல் வாரத்திலிருந்து வாசல் பலகையில் ஒரு கண் வைத்திருங்கள். டிக்கெட் பெரும்பாலும் இருக்காது. நடுவில் காணிக்கைப் பை சுற்றி வரும். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சில்லறையைக் குலுக்கித் தேடுவதுதான் சங்கடம். நோட்டு ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவது

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம். அஸ்தம்பட்டி தாண்டி, மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவைத் தாண்டி, கோரிமேடு வழியாக அடிவாரம். அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஆறு மணிக்கு என்றால் ஐந்தரைக்கு ஆலயத்துக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் இடம் பார்த்து உட்கார முடியும். பஸ்ஸில் போகிறவர்கள் ஏறும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிகிற நேரமும் கடைசி பஸ் கிளம்புகிற நேரமும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. புயல் எச்சரிக்கை இருந்தால் பேசாமல் சேலத்துச் சர்ச்சுக்குப் போய்விடுங்கள்.

ஸ்வெட்டர் கட்டாயம். 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் ராத்திரி, கல் கட்டடத்துக்குள், இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரப் போகிறீர்கள். சிண்டெடிக் ஜெர்கின் வேண்டாம், கையை அசைத்தாலே சரசரக்கும். கம்பளியோ பருத்தியோ நல்லது. வேட்டி, புடவை, சுடிதார் எல்லாம் சரி. கட்டைச் செருப்பு, கொலுசு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள். என் முதல் வருடத்துத் தப்பு இதுதான். குகைப் பக்கம் தட்டுவடையும் நொறுக்கலும் வாங்கிக் கவரோடு பையில் வைத்திருந்தேன். பையன்கள் மிக மெதுவாகப் பாடிக்கொண்டிருந்த இடத்தில், பையை மடியிலிருந்து கீழே வைக்கலாமே என்று நகர்த்தினேன். ஒரு தட்டுவடை உடைந்தது. சேலத்துத் தட்டுவடை எப்படி உடையும் என்று உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்த பாட்டி தலையைத் திருப்பவில்லை, தோளை மட்டும் ஒரு தூக்குத் தூக்கி இறக்கினார். அது போதுமானதாக இருந்தது.

வாசலில்

செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதற்குப் பொது விதி இல்லை. படிக்கட்டைப் பாருங்கள். செருப்பு குவிந்து கிடந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் போட்டுக்கொண்டே போங்கள். தொப்பி, மங்கி குல்லா போட்டிருக்கும் ஆண்கள் உள்ளே போகும் முன் எடுத்துவிட வேண்டும். பெண்கள் சிலர் முந்தானையைத் தலையில் போட்டிருப்பார்கள், அது அவர்கள் வழக்கம். கச்சேரி கேட்க வந்தவர்களிடம் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கத்தோலிக்க ஆலயத்தில் வாசல் பக்கத்துக் கிண்ணத்தில் இருப்பது புனித நீர். கை கழுவ வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பீடத்துக்குப் பக்கத்தில் சிறு விளக்கு எரியும் பேழையை நோக்கிச் சிலர் ஒரு முழங்காலை மடக்கி வணங்கிவிட்டுப் போவார்கள். நீங்கள் அமைதியாக நடந்து போனால் போதும். பீடத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்காமல் இருந்தால் அதுவே பெரிய மரியாதை.

போனை சைலன்ட்டில் போட்டால் போதாது, அணைத்துவிடுங்கள். சைலன்ட்டில் இருந்தாலும் அலாரம் அடிக்கும். சாயங்கால மாத்திரைக்காக வைத்த அலாரம் எத்தனை பேருடைய மானத்தை வாங்கியிருக்கிறது என்று எழுதினால் தனிக் கட்டுரை ஆகும்.

எங்கே உட்காருவது

முன்வரிசைதான் நல்ல இடம் என்று ஓடாதீர்கள். முன்னால் உட்கார்ந்தால் உங்களுக்கு நேரே நிற்கிற மூன்று பையன்களின் குரல்தான் கேட்கும். குழு முழுவதும் ஒன்றாகக் கலந்து வருவதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். வாசலுக்கும் பீடத்துக்கும் நடுவில், பீடத்துப் பக்கமாகச் சற்றே தள்ளி உட்காருவது என் வழக்கம். பின்பக்க மாடத்துக்கு அடியில் உட்கார வேண்டாம், அங்கே கூரை தாழ்வு, சத்தம் மேலே எழும்பிச் சுற்றி வருவது உங்களுக்குக் கிடைக்காது. தூணுக்குப் பின்னாலும் வேண்டாம். சேலத்தில் என்றால் டிசம்பரிலும் ஃபேன் சுற்றும், 'டக் டக்' என்று அடிக்கிற ஃபேனுக்குக் கீழே மாட்டிக்கொள்ளாதீர்கள். மைக் வைத்துப் பாடுகிற இடமாக இருந்தால் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து தள்ளி இருங்கள்.

சில ஆலயங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது வழக்கம். கச்சேரி அன்று பெரும்பாலும் கலந்துதான் உட்காருவார்கள். சந்தேகமாக இருந்தால் இடம் காட்டுகிறவரிடம் "அண்ணா, குடும்பமா உக்காரலாங்களா?" என்று கேட்டால் கூட்டிக்கொண்டு போய் விடுவார். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் ஓரத்து பெஞ்சைப் பிடியுங்கள். பிள்ளை சிணுங்கினால் பாட்டு முடிகிற வரை சமாளித்துவிட்டு, இடைவெளியில் வெளியே தூக்கிப் போங்கள். பெஞ்சுக்கு அடியில் மடக்கி வைத்த பலகை ஒன்று இருக்கும். அது முழங்காலிட வைத்தது, கால் வைக்க இல்லை. காலால் தட்டிவிட்டால் 'டமால்' என்று விழும்.

ஆரம்பத்தைக் கவனியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்தது பாட்டுக்கு முந்தைய அரை நிமிடம். பையன்கள் வந்து நிற்பார்கள். குட்டைப் பையன்கள் முன்னால், நெட்டைப் பையன்கள் பின்னால். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன இரும்புக் கவையை எடுப்பார். பள்ளிக்கூட பௌதிக ஆய்வகத்தில் நாம் ரப்பர் கட்டையில் தட்டிப் பார்த்த அதே இசைக்கவைதான். முழங்காலில் தட்டிக் காதோரம் வைப்பார். விநாடிக்கு 440 அதிர்வு. அதிலிருந்து மனசுக்குள் கணக்குப் போட்டு, மெல்ல மூன்று நாலு ஸ்வரங்களை முணுமுணுப்பார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஸ்வரம். நம் கச்சேரியில் சுருதிப்பெட்டி கடைசி வரை பக்கத்திலேயே பாடிக்கொண்டிருக்கும். இங்கே அந்த ஒரு முணுமுணுப்போடு சரி. அப்புறம் அஞ்சு நிமிடப் பாட்டு முழுவதும் சுருதியை அவர்களே தலைக்குள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாட்டு முடிந்ததும் சில மாஸ்டர்கள் திருட்டுத்தனமாக இன்னொரு தடவை கவையைத் தட்டிப் பார்ப்பார்கள், சுருதி இறங்கிவிட்டதா என்று. முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்ளலாம்.

கையில் இருக்கும் கறுப்பு ஃபைலில் எழுதியிருப்பது எப்போதும் கோடு போட்ட ஸ்வரக்குறிப்பாக இருக்க வேண்டியதில்லை. நம் ஊர்ச் சர்ச்சுகளில் பலரும் டானிக் சல்ஃபா பார்த்துப் படிக்கிறவர்கள். டோ ரே மியின் முதல் எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகப் பிரித்து எழுதிய தாள். ச ரி க ம எழுதிய பாட்டு நோட்டைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

கேட்பது

முதல் தடவை கேட்கும்போது குழப்பமாக இருக்கும். நம் காது ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு போகப் பழகியது. பாடகர் பாடுவார், வயலின் பின்னாலேயே வரும், எல்லாம் ஒரே வழி. இங்கே ஒரே நேரத்தில் நாலு வழி. மேலே சொப்ரானோ, அடுத்து ஆல்டோ, அப்புறம் டெனர், அடியில் பேஸ். டெனரும் பேஸும் பெரிய வகுப்புப் பையன்களோ ஆசிரியர்களோ பாடுவார்கள். இளம்பிள்ளைப் பக்கம் தறி ஓடுவதைப் பார்த்திருந்தால் சுலபமாகப் புரியும். பாவு நீளவாக்கில் ஓடுகிறது, அதுதான் நாம் பாட்டு என்று நினைக்கிற மெட்டு. ஒரு விநாடியில் நாலு குரலும் குறுக்கே சேர்ந்து நிற்கிற சத்தம்தான் ஊடு. துணி என்பது இரண்டும் சேர்ந்தது.

நான் செய்கிற வேலை இது. முதல் பாட்டில் மேல் குரலை மட்டும் கேட்பேன், அது தானாகவே காதில் விழும். இரண்டாவது பாட்டில் வேண்டுமென்றே அடிக் குரலைத் தேடுவேன். பின்வரிசையில் நெட்டையாக, லேசாக மீசை அரும்பி நிற்கிறானே, அவன் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டால் சீக்கிரம் பிடிபடும். அதைப் பிடித்துவிட்டால் மூன்றாவது பாட்டிலிருந்து முழுத் துணியும் தெரிய ஆரம்பிக்கும். நடு இரண்டு குரல்கள் எனக்கு இன்னும் நழுவித்தான் போகின்றன.

தெரிந்த பாட்டு வந்தால் கேட்கப் பழக அதுதான் சரியான இடம். ஆஸ்திரியாவில் 1818 கிறிஸ்துமஸ் ராத்திரி முதன்முதலில் கிதார் துணையோடு பாடிய 'சைலன்ட் நைட்' எப்படியும் வரும். தமிழில் அதுவே 'ஒப்பில்லா திரு இரா'. மெட்டு உங்களுக்குத் தெரியும், ஆகவே காதுக்கு வேலை மிச்சம், மற்ற குரல்கள் அதைச் சுற்றி என்ன செய்கின்றன என்று கவனிக்க முடியும். கீர்த்தனையும் பாடுவார்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்தே தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ராகம் தாளத்தோடு பாட்டு உண்டு. அதை நாலு குரலில் பிரித்துப் பாடும்போது சில இடங்களில் கமகம் தட்டையாகிவிடுகிறது என்பது என் குறை. கீர்த்தனையை ஒரே குரலாகப் பாடுவதுதான் எனக்குப் பிடிக்கும். நண்பர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

இன்னொரு வேடிக்கை, மூச்சு. நீளமாக ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே போவார்கள், இருபது விநாடி, முப்பது விநாடி, அறுபடாது. பத்து வயதுப் பையனுக்கு அவ்வளவு மூச்சு ஏது? பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஒருவன் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூச்சு இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவன் தாங்கிக்கொள்வான், பிறகு இவன் தாங்க அவன் இழுப்பான். முன்வரிசையை உற்றுப் பார்த்தால் தெரியும். ஒரு பையனின் ஸ்வெட்டர் காலர் ஏறி இறங்கும், அது அடங்கிய பிறகு அடுத்த காலர் ஏறும்.

நெடுநேரம் முழங்காலை விறைத்து நின்றால் சில பையன்களுக்கு மயக்கம் வரும். ஒருவன் திடீரென்று உட்கார்ந்துவிட்டால் பதறி எழுந்து ஓடாதீர்கள். பக்கத்திலேயே ஆசிரியர் இருப்பார், தண்ணீர் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பார். மற்ற பையன்கள் பாட்டை நிறுத்தமாட்டார்கள். அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் குரல்

பெரியவர்கள் பாடுவதைவிட்டு மலை ஏறிப் பையன்கள் பாடுவதைக் கேட்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். பையன் குரலின் உயரம் பெண் குரல் உயரம்தான். நம் கணக்கில் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்றால் பையன்கள் ஐந்து கட்டைப் பக்கம் அனாயாசமாக நிற்பார்கள். ஆனால் சாயல் பெண் குரல் இல்லை. அசைவு குறைவு, நேராக, தண்ணீர்ச் சொம்பைச் சுண்டினது போல ஒரு சத்தம். ஐரோப்பாவில் இதை நூற்றாண்டுக் கணக்கில் வளர்த்திருக்கிறார்கள். லைப்சிக் நகரத்துத் தாமஸ் ஆலயப் பையன்கள் குழு 1212-இல் தோன்றியது, 1723 முதல் 1750-இல் சாகும் வரை ஜெர்மன் இசைமேதை பாக் அதற்கு மாஸ்டர். வியன்னா பையன்கள் குழுவின் வேர் 1498-இல் இருக்கிறது.

இந்தக் குரலுக்கு ஆயுசு குறைவு. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு வயதுக்குள் குரல்வளை பெருத்து, குரல்நாண் நீண்டு தடித்து, குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். நம் பழைய நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டு உச்சத்தில் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு வந்தால் வேஷமே மாறிவிடும், சில பேருக்குப் பிழைப்பே மாறிவிடும். வியன்னாவிலும் அதே கதைதான். இசைமேதை ஹைடன் சின்ன வயதில் புனித ஸ்டீபன் பேராலயத்தில் பாடியவர். குரல் உடைந்த பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். முன்னால் நின்ற பையனின் குடுமியைக் கத்தரித்ததுதான் சாக்கு என்று ஒரு கதை.

இரண்டாவது வருடம் நான் போனபோது, முதல் பாட்டைத் தனியாகப் பாடிய ஒரு பையனை நன்றாக ஞாபகம் வைத்திருந்தேன். இடது காதுக்கு மேல் ஒரு சுழி, சீப்புக்கு அடங்காமல் முடி நிற்கும். மூன்றாவது வருடம் அவனைத் தேடினேன். முன்வரிசையில் இல்லை. பின்வரிசையிலும் இல்லை. நாலாவது பாட்டு வரும்போதுதான் பார்த்தேன், ஓரத்தில் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று தாள் புரட்டிக்கொண்டிருந்தான். அரை அடி வளர்ந்திருந்தான். முதல் பாட்டை வேறு பையன் பாடும்போது அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்ததாம். நான் கவனிக்கவில்லை, நண்பர் சொன்னார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி முடிந்து பையன்களிடம் பேசும்போது, "என்ன தம்பி, குரல் உடைஞ்சிருச்சா?" என்று தமாஷாகக்கூடக் கேட்காதீர்கள்.

கைதட்டல்

இதற்குத்தான் நான் பட்ட பாடு. நம் சபாவில் பாட்டு நடக்கும்போதே தொடையில் தாளம் போடுவோம், தலையை ஆட்டுவோம், நல்ல சங்கதி விழுந்தால் 'ஆஹா' சொல்வோம், சொல்லாவிட்டால் பாடுகிறவருக்கு உற்சாகம் இருக்காது. இங்கே அது எதுவும் கிடையாது. ரசிகர்களின் பங்கு சும்மா இருப்பது.

என் முதல் வருடம். மிக உயரத்தில் ஒரு ஸ்வரத்தில் போய் நின்று, மெல்லக் கரைந்து பாட்டு முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். பையன்களின் வாய் மூடியாகிவிட்டதே. பலமாகக் கைதட்டினேன், நான் ஒருத்தன் மட்டும். தட்டின பிறகுதான் தெரிந்தது, வாய்தான் மூடியிருந்தது, பாட்டு இன்னும் கூரையில் இருந்தது. கல் சுவரும் உயரமான கூரையும் உள்ள ஆலயத்தில் பாடி நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று விநாடி சத்தம் சுவருக்குச் சுவர் போய்வந்துதான் அடங்கும். அந்த மூன்று விநாடியையும் கணக்கில் வைத்துத்தான் பாடுகிறார்கள். அதன் மேல் என் கைதட்டல் தகர டப்பா உருண்ட மாதிரி விழுந்தது. முன்வரிசைக் குட்டிப் பையன் ஒருவன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். மாஸ்டரின் கை அப்போதும் அந்தரத்திலேயே நின்றது. நண்பர் என் முழங்கையைத் தொட்டு, "அவர் கை இறங்கட்டுங்க அண்ணே" என்றார்.

அதுதான் விதி. மாஸ்டரின் கையைப் பாருங்கள். தூக்கிய கை தோளுக்குக் கீழே இறங்கி, தோள் தளர்ந்து, அவர் நம் பக்கம் திரும்பும் வரை பாட்டு முடியவில்லை. ஒரே பாட்டுக்குள் இரண்டு மூன்று பகுதிகள் இருந்தால் நடுவிலும் தட்டக் கூடாது. ஆராதனை என்றால், மற்றவர்கள் தட்டினால் ஒழிய நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம்.

எழுந்து நிற்பதற்கும் இதே கதைதான். சபையார் சேர்ந்து பாடுகிற பாட்டுக்கு எல்லோரும் எழுவார்கள், எழுந்துவிடுங்கள், பாடத் தெரியாவிட்டால் பரவாயில்லை. இசையமைப்பாளர் ஹேண்டலின் 'அல்லேலூயா' வந்தாலும் எழுவார்கள். 1742-இல் டப்ளினில் முதலில் பாடிய இசைப்படைப்பின் ஒரு பகுதி அது. பிறகு லண்டனில் ராஜா எழுந்து நின்றார், அதனால் எல்லோரும் எழுந்தார்கள் என்று காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் நீங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் முன்னால் முதுகுகள்தான் தெரியும்.

வீடியோ எடுக்காதீர்கள். திரை வெளிச்சம் பின்னால் இருப்பவர்கள் கண்ணைக் குத்தும் என்பது ஒன்று. பாடுகிறவர்கள் சிறு பிள்ளைகள், அவர்கள் முகத்தை அவரவர் வீட்டில் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடுவது சரியில்லை என்பது இன்னொன்று. இருமல் வந்தால் கைக்குட்டையை மடித்து வாயில் அழுத்திக்கொள்ளுங்கள், சத்தம் பாதியாகும். மிட்டாய்க் காகிதத்தை உரிப்பதாக இருந்தால் பாட்டு தொடங்கும் முன்பே உரித்து வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக உரித்தால் கேட்காது என்று நினைப்பது தப்பு, மெதுவாக உரித்தால் நெடுநேரம் கேட்கும், அவ்வளவுதான்.

முடிந்த பிறகு

வாசலில் பெரும்பாலும் கேக்கும் காபியும் கிடைக்கும். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம். அஞ்சு நிமிடம் முன்னால் தேவதூதர் மாதிரி நின்ற பையன்கள் டையை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு கேக் தட்டை நோக்கி ஓடுவார்கள், ஒருத்தன் காலை ஒருத்தன் மிதிப்பான். பாராட்ட நினைத்தால் குறிப்பாகச் சொல்லுங்கள். 'சூப்பர்' என்றால் பையன் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். "மூணாவது பாட்டுல கடைசி இடம் ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி" என்றால் நின்று, "அதைத்தாங்க அங்கிள் ரெண்டு வாரம் பிராக்டிஸ் பண்ணோம்" என்பான். மாஸ்டருக்கு ஒரு வணக்கம் போதும். அவருக்கு அப்போது தண்ணீர்தான் தேவைப்படும்.

ரொம்ப நேரம் நிற்காதீர்கள். எட்டு மணிக்கு மேல் பனிமூட்டம் சாலையில் இறங்கிவிடும். ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீமில் வையுங்கள். இரண்டாவது கியரில், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் மெதுவாக இறங்குங்கள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடியுங்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுங்கள். பாட்டைப் பற்றிய பேச்சை இருபது வளைவும் முடிந்து அடிவாரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தின பிறகு வைத்துக்கொள்ளலாம்.